வால்வில் ஓர் அடைப்பு, நாளத்தில் இன்னோர் அடைப்பு: டாவி சிகிச்சைக்கு முன் எதற்கு இத்தனை சோதனை?

78 வயது பாட்டி ஒருவரை நினைத்துக்கொள்வோம். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். இப்போது மகள் வீட்டில் தாமான் வாழ்க்கை. கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். "வயசாயிடுச்சி, வேற என்ன" என்று ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் கிளினிக், அங்கிருந்து பெரிய மருத்துவமனை, எக்கோ சோதனை. "இருதய வால்வு சுருங்கி அடைப்பு ஏற்பட்டிருக்கிறது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகப் புது வால்வு வைக்கலாம்" என்கிறார் டாக்டர். குடும்பம் மனதைத் தேற்றிக்கொண்டு சம்மதிக்கிறது.

அடுத்து சி.டி. ஸ்கேன். அதைப் பார்த்த இன்னொரு டாக்டர், "பாட்டிக்கு அடைப்பு இருக்கிற மாதிரி தெரியுது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்கணும். ஸ்டென்ட் வைக்க வேண்டியும் வரலாம்" என்கிறார். மகளுக்குத் தலை சுற்றுகிறது. "அடைப்புக்குத்தானே டாக்டர் வால்வு மாத்தப் போறீங்க? மறுபடியும் என்ன அடைப்பு?"

இது ஏதோ ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையல்ல. விளக்கத்துக்காகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. ஆனால் மகளின் குழப்பம் கற்பனையல்ல. மூக்கடைப்பு முதல் மாரடைப்பு வரை எல்லாவற்றுக்கும் நாம் 'அடைப்பு' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். வால்வு சுருங்கினாலும் அடைப்பு, ரத்த நாளம் சுருங்கினாலும் அடைப்பு. டாக்டர் இரண்டைப் பற்றிப் பேசும்போது குடும்பத்தார் காதில் ஒன்றுதான் விழுகிறது. பேச்சை மாற்றுகிறார்கள், பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது. சிலர் ஆஞ்சியோகிராமுக்கு மறுத்துவிடுகிறார்கள். இதைவிட மோசமானது இன்னொன்று: ஸ்டென்ட் வைத்ததும் "அடைப்பு எடுத்தாச்சு" என்று வீட்டுக்குப் போய், வால்வு சிகிச்சைக்குத் திரும்பி வராமல் இருந்துவிடுவது.

கதவு வேறு, குழாய் வேறு

இருதயத்தின் இடக் கீழறையிலிருந்து ரத்தம் உடலுக்குப் புறப்படும் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. அதுதான் அயோர்ட்டிக் வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள் கொண்ட இந்தக் கதவு, நல்ல நிலையில் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். வயதாக ஆக இதழ்களில் கால்சியம் படிந்து கெட்டியாகிறது. சிலருக்குப் பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்கள்தாம்; அவர்களுக்கு இது இளம் வயதிலேயே வரும். திறப்பு 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் அது கடுமையான சுருக்கம்.

'சுண்ணாம்பு படிந்துவிட்டது' என்று டாக்டரோ தாதியோ சொல்லும்போது வெற்றிலைப் பெட்டியை ஒளித்து வைக்கும் பாட்டிகள் உண்டு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கும் வால்வில் படியும் கால்சியத்துக்கும் தொடர்பில்லை. வெற்றிலை பாக்கு புகையிலையை விடுவதற்கு வாய்ப் புற்றுநோய் என்ற வேறு நல்ல காரணம் இருக்கிறது. அது தனிக் கதை.

வால்வுக்கு வெளியே ஏறக்குறைய ஒரு விரல் அகலத் தூரத்தில் இரண்டு சிறிய துளைகள் இருக்கின்றன. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இருதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. உடல் முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் இருதயம், தனக்கு வேண்டிய ரத்தத்தையும் இந்த வாசலுக்கு வெளியே இருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இருதயத்தைச் சுற்றி மகுடம் போல அமைந்திருப்பதால் இவற்றுக்குக் கொரோனரி நாளங்கள் என்று பெயர். மகுடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்மைப் பாடாய்ப்படுத்திய கொரோனா கிருமியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

மாரடைப்பு வருவது இந்த நாளங்களில். மூச்சு வாங்கலும் மயக்கமும் வால்வு சுருங்குவதால் வரலாம். இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஆனால் இரண்டையும் கொண்டுவரும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: வயது, ரத்த அழுத்தம், புகை, கெட்ட கொழுப்பு, நீரிழிவு. அதனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அதிசயமல்ல. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், வால்வு மாற்றத்துக்கு வரும் முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் நாளச் சுருக்கமும் இருக்கிறது என்பது மருத்துவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு.

நம்மவர்களிடம் இன்னொரு சுமையும் சேர்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, பத்தில் மூன்று பேர். இனிப்புநீர் நெடுநாள் இருந்தவருக்கு நாளங்கள் ஒரே இடத்தில் மட்டுமல்லாமல் நெடுகவே சுருங்கியிருக்கலாம். நெஞ்சுவலி தெரியாமலேயே நோய் முற்றியிருக்கவும் கூடும். ஆகவே, "அம்மாவுக்கு நெஞ்சு வலியே வந்ததில்லையே, அப்புறம் எதுக்கு ஆஞ்சியோகிராம்?" என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு வலி இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. நாளங்கள் சுத்தமாக இருந்தும் நெஞ்சுவலி வரலாம். சுருங்கிய கதவின் வழியே ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத் தசை தடித்துப்போகிறது. தடித்த தசைக்கு அதிக ரத்தம் வேண்டும். வரும் அளவோ போதவில்லை. அதுவும் வலியாகத்தான் தெரியும். ஆகவே வலியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அடைப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடும் இயந்திரத்தில் நடக்கவிட்டுச் செய்யும் 'டிரெட்மில்' சோதனையும் இங்கே உதவாது. வால்வு கடுமையாகச் சுருங்கி, அறிகுறியும் உள்ளவரை ஓடவிடுவது ஆபத்து.

அறிகுறி பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சு வலிக்கிறது என்றதும், "எங்க வீட்டுக்காரரோட மாத்திரை இருக்கு, நாக்குக்கு அடியில வைங்க" என்று பக்கத்து வீட்டார் ஓடிவருவது நம் பழக்கம். நல்ல மனசுதான். ஆனால் அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்கும். வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கு அது மயக்கத்தில் போய் முடியலாம். தமக்கென்று டாக்டர் எழுதிக் கொடுக்காத மாத்திரையைத் தொடக்கூடாது. வலி விடவில்லையென்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

நெஞ்சைத் திறக்காத சிகிச்சை

டாவி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிகிச்சையில், மடக்கி வைத்த புது வால்வு மெல்லிய கத்தீட்டர் குழாயின் நுனியில் இருக்கும். தொடை நாளத்தில் போடும் சிறு துளை வழியே அதை இருதயம் வரை கொண்டுபோய், பழைய வால்வுக்குள்ளேயே விரிக்கிறார்கள். பழையதை வெட்டி எடுப்பதில்லை. புதியது அதைச் சுவரோடு சுவராக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது.

கம்பிக் கூட்டுக்குள் வைத்துத் தைத்த வால்வை 1989இல் முதலில் பன்றிகளில் வைத்துப் பார்த்தவர் டென்மார்க்கின் ஹென்னிங் ருட் ஆண்டர்சன். மனிதருக்கு முதன்முதலில் வைத்தவர் பிரான்சின் ரூவான் நகரைச் சேர்ந்த அலன் கிரிபியே. 2002 ஏப்ரல் 16ஆம் தேதி, 57 வயது நோயாளி ஒருவருக்கு. அறுவை சிகிச்சை செய்யவே முடியாது என்று கைவிடப்பட்ட 358 பேரிடம் நடத்தப்பட்ட 'பார்ட்னர்' ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. மருந்தும் வழக்கமான பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 50.7 விழுக்காட்டினர் இறந்தார்கள். டாவி பெற்றவர்களில் 30.7 விழுக்காட்டினர். வால்வுச் சுருக்கத்தை 'வயசாச்சு' என்று விட்டுவிடுவதற்கு என்ன விலை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இன்று தேசிய இருதய சிகிச்சை மையமான ஐ.ஜே.என். உட்பட மலேசியாவிலும், சிங்கப்பூரின் பெரிய இருதய நிலையங்களிலும் இது செய்யப்படுகிறது.

சரி, வால்வு வைப்பதற்கும் நாளத்துக்கும் என்ன தொடர்பு? முதல் காரணம், சிகிச்சை நடக்கும் அந்தச் சில நிமிடங்கள். வால்வை விரிக்கும்போது அது நழுவிவிடக் கூடாது என்பதற்காக, குறிப்பாகப் பலூனால் விரிக்கும் வகை வால்வுகளில், இருதயத்தை நிமிடத்துக்கு 180 தடவைக்கும் மேல் வேகமாகத் துடிக்கவைக்கிறார்கள். அந்தச் சில விநாடிகள் ரத்தம் வெளியே போவது ஏறக்குறைய நின்றுவிடும், அழுத்தம் இறங்கும். நல்ல நாளம் உள்ளவர் இதைத் தாங்கிக்கொள்வார். இட நாளத்தின் அடிமரத்திலேயே பெரிய சுருக்கம் உள்ளவருக்கு அந்த விநாடிகள் கூட நீண்டவை. உள்ளே போகும் முன்பே டாக்டர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சி.டி., தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம்

டாவிக்கு வருபவருக்கு எப்படியும் சி.டி. ஸ்கேன் உண்டு. வால்வின் சுற்றளவு எவ்வளவு, எந்த அளவு வால்வு பொருந்தும், தொடை நாளம் குழாய் போகுமளவு அகலமாக இருக்கிறதா என்பதையெல்லாம் அதில்தான் அளக்கிறார்கள். அதே படத்தில் கொரோனரி நாளங்களும் விழுகின்றன. ஒரே ஸ்கேனில் இரண்டு வேலை முடிந்தால் நோயாளிக்கு ஓர் ஊசி மிச்சம், சாயமருந்தும் மிச்சம். நாள நோய்க்கான வாய்ப்பு அதிகமில்லாதவர்களுக்குச் சி.டி. படத்தையே முதல் சோதனையாகக் கொள்ளலாம் என்ற பக்கம்தான் அண்மைய ஐரோப்பிய வழிகாட்டி நெறிகளும் சாய்கின்றன.

சி.டி. நன்றாகச் செய்வது 'இல்லை' என்று சொல்வதை. பெரிய சுருக்கம் இல்லை என்று தெளிவான படம் காட்டினால் பெரும்பாலும் நம்பிவிடலாம்; ஆஞ்சியோகிராம் தேவைப்படாமலே போகலாம். ஆனால் 'இருக்கிறது' என்று காட்டும்போது சற்றுப் பொறுக்க வேண்டும். கால்சியம் அதிகம் படிந்த இடம் படத்தில் உண்மையைவிடப் பெரிதாக, வெள்ளையாகப் பூத்துத் தெரியும். பாதி திறந்திருக்கும் நாளம் மூடியது போலத் தோன்றும். சாதாரணமாக இந்தப் படத்துக்கு முன் இருதயத் துடிப்பைக் குறைக்கவும் நாளத்தை விரிக்கவும் மருந்து கொடுப்பார்கள். வால்வு சுருங்கியவர்களிடம் அந்த மருந்துகளைத் தாராளமாகக் கொடுக்க முடியாது என்பதால் படம் சில நேரம் கலங்கலாகத்தான் வரும். பழைய ஸ்டென்ட் உள்ளவர்களுக்கும் இதே சிக்கல். மேலே சொன்ன பாட்டியை 'அடைப்பு இருக்கிற மாதிரி தெரியுது' என்று சொல்லி ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பியது இதனால்தான். அந்த 'மாதிரி' என்ற சொல்லில் விஷயம் இருக்கிறது.

ஆஞ்சியோகிராமில் பெரும்பாலும் மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயை விட்டு, சாயமருந்தைச் செலுத்தி நாளங்களைப் படமெடுக்கிறார்கள். சுருக்கம் 90 விழுக்காடு என்றால் யாருக்கும் ஐயமில்லை. 60, 70 என்று நடுவில் நிற்பதுதான் தொல்லை. அங்கே கண்ணை நம்பாமல், அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியை நாளத்துக்குள் அனுப்பலாம். சுருக்கத்துக்கு முன் இருக்கும் அழுத்தம் 100 என்றால், அதைத் தாண்டிய பின் 80 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் அந்தச் சுருக்கம் ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறது என்று பொருள். ஆனால் வால்வும் சுருங்கியிருக்கும்போது இந்த அளவுகள் கொஞ்சம் ஏமாற்றக்கூடும்; மருத்துவர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை.

சி.டி., ஆஞ்சியோகிராம், டாவி மூன்றிலும் சாயமருந்து உண்டு. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது சுமை. அதனால்தான் மூன்றையும் ஒரே வாரத்தில் முடிக்காமல் இடைவெளி விடுகிறார்கள். ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 'தள்ளிப் போடுகிறார்கள்' என்று குடும்பத்தார் கோபப்படும் இடம் இது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். வரிசை நீளம் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. என்றாலும் சிறுநீரகத்துக்காக விடும் இடைவெளி நோயாளிக்கு நன்மைதான். நீரிழிவுக்கு மெட்பார்மின் எடுப்பவர்கள் சோதனை நாளில் அதை நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்து, சூரணம், கஷாயம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. டாக்டர் திட்டுவார் என்று மறைத்துவிட்டு, பிறகு சிறுநீரகம் கெட்டால் காரணம் தேடுவது கடினம்.

ஸ்டென்ட் வைப்பதா, விடுவதா?

சுருக்கம் இருக்கிறது என்று உறுதியானதும் ஸ்டென்ட் வைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். மருத்துவ உலகமே இதில் ஒரே குரலில் பேசியதில்லை.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 235 பேரை வைத்து நடத்தப்பட்ட 'ஆக்டிவேஷன்' ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. டாவிக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்களும் மருத்துவமனைக்குத் திரும்பியவர்களும் சேர்த்து 41.5 விழுக்காடு. வைக்காதவர்களில் 44 விழுக்காடு. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தக்கசிவு அதிகமாக இருந்தது. 'அப்படியானால் விட்டுவிடலாமே' என்று பலர் நினைக்கத் தொடங்கினார்கள்.

2024இல் வட ஐரோப்பிய நாடுகளிலிருந்து 'நோஷன்-3' ஆய்வு வந்தது. 455 பேர், நடுத்தர வயது 82. இங்கே கண்ணுக்குச் சுருக்கமாகத் தெரிந்தால் போதாது. அழுத்தக் கம்பியில் தேறாதது அல்லது 90 விழுக்காட்டுக்குக் குறையாத சுருக்கம் உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள். சுமார் இரண்டு ஆண்டுகள் கண்காணித்ததில், இறப்பு, மாரடைப்பு, அவசர நாளச் சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களில் 26 விழுக்காடு, வைக்காதவர்களில் 36 விழுக்காடு. குறைந்தது பெரும்பாலும் மாரடைப்பும் அவசரச் சிகிச்சையும்தான். இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ரத்தக்கசிவோ 28க்கு 20 என்று ஸ்டென்ட் வைத்தவர்களிடமே கூடுதல்.

இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. எல்லாச் சுருக்கத்துக்கும் ஸ்டென்ட் என்பதும் தவறு, எதற்கும் வேண்டாம் என்பதும் தவறு. பெரிய நாளத்தில், ரத்த ஓட்டத்தை உண்மையாகத் தடுக்கும் சுருக்கத்துக்கு வைத்தால் பலன் கிடைக்கும். சிறு கிளையில் உள்ளதை மருந்தோடு விட்டுவிடலாம். ஆனால் பலனுக்கு விலையாக ரத்தக்கசிவு வருகிறது. ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சில வாரங்கள் முதல் ஆறு மாதம் வரை தேவைப்படும். டாவி மட்டும் செய்தவருக்குப் பெரும்பாலும் ஒரு மாத்திரை போதும். வயிற்றுப்புண் இருந்தவர், ரத்தசோகை உள்ளவர், இருதயத் துடிப்புக் கோளாறுக்காக ஏற்கெனவே ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கே மாறிவிடும்.

வீட்டில் நடக்கும் ஆபத்து ஒன்று உண்டு. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, கையில் நீலம் பாய்கிறது என்று பயந்து பிள்ளைகளே அந்த இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிடுவது. புதிதாக வைத்த ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது பெரிய மாரடைப்பு. பல் பிடுங்கப் போனாலும் சரி, நிறுத்துவதா வேண்டாமா என்பதை இருதய கிளினிக்கில் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மூன்று பெரிய நாளங்களிலும் கடுமையான நோய் இருந்து, உடலும் தாங்கும் நிலையில் இருந்தால், டாவியை விட்டுவிட்டு, நெஞ்சைத் திறந்து வால்வையும் மாற்றி பைபாஸும் செய்வதே நல்லது என்று மருத்துவர் குழு சொல்லக்கூடும். இதைக் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. இருதய மருத்துவர், அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் ஆகியோர் கூடிப் பேசி எடுக்கும் முடிவு அது.

துளையின் உயரம்

சி.டி. அறிக்கையில் குடும்பத்தார் கவனிக்காமல் விடும் ஓர் எண் உண்டு. வால்வின் அடியிலிருந்து கொரோனரித் துளை வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதே அது. புது வால்வு விரியும்போது பழைய இதழ்கள் சுவர்ப்பக்கம் ஒதுங்குகின்றன என்று பார்த்தோம். துளை மிகத் தாழ்வாக, 10 அல்லது 12 மில்லிமீட்டருக்கும் கீழே இருந்து, வால்வைச் சுற்றியுள்ள இடமும் குறுகலாக இருந்தால், ஒதுங்கும் இதழ் போய் அந்தத் துளையையே மூடிவிடலாம். இது அரிது, நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. ஆனால் நடந்தால் உயிருக்கு ஆபத்து. உடல் சிறுத்த பெண்களுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். முன்பு அறுவை சிகிச்சையில் வைத்த திசு வால்வுக்குள் இன்னொரு வால்வு வைப்பவர்களுக்கும் அப்படியே.

முன்கூட்டியே தெரிந்தால் வழி இருக்கிறது. வால்வை விரிக்கும் முன்பே நாளத்துக்குள் ஒரு கம்பியையும் மடக்கிய ஸ்டென்டையும் தயாராக வைத்துக்கொள்வார்கள். மின்சாரம் பாய்ச்சிய கம்பியால் பழைய இதழை நடுவே கீறிவிட்டு, ரத்தம் போக வழி செய்யும் முறையும் இருக்கிறது. ஆக, அந்த ஒரு மில்லிமீட்டர் கணக்குக்காகவும்தான் அத்தனை நேரம் அந்த ஸ்கேன்.

வால்வு வைத்த பிறகு வரும் பிரச்சினையையும் இப்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. புது வால்வின் கம்பிக் கூடு சில வகைகளில் உயரமானது. கொரோனரித் துளைகளைத் தாண்டியும் நீளும். பின்னாளில் ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தால், அந்தக் கூட்டின் கண்களுக்குள் புகுந்து துளையைத் தேட வேண்டும். முடியாது என்றில்லை, கடினம். பெரிய சுருக்கம் இருந்தால் வால்வுக்கு முன்பே சரிசெய்ய மருத்துவர்கள் விரும்புவதற்கு இது ஒரு காரணம். எழுபதுக்குள் இருப்பவருக்கு எந்த வகை வால்வு என்ற தேர்விலும் இது வரும். அவருக்கு முன்னால் இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. 90 வயதில் மூச்சு விட முடியாமல் தவிப்பவருக்கு இந்த யோசனை அவ்வளவு முக்கியமில்லை. நாளத்தை மருந்தோடு விட்டுவிட்டு, வால்வை மட்டும் மாற்றி, அவர் நிம்மதியாகத் தூங்கும்படி செய்தாலே போதும் என்று முடிவாகலாம்.

முன்பு பைபாஸ் செய்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்து வர வேண்டும். தோட்டம் மாறி, வீடு மாறி, அட்டைகள் தொலைந்துபோயிருக்கும்; எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு என்று சொன்னாலும் பயன்தான். எந்த நாளம், சுருக்கம் எவ்வளவு, ஸ்டென்ட் வால்வுக்கு முன்பா, அதே நாளிலா, பிறகா, எத்தனை மாதம் இரண்டு மாத்திரை என்று மகளோ மகனோ தயங்காமல் கேட்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ புரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியை அழைக்கச் சொல்வதில் வெட்கமில்லை.

செலவைப் பொறுத்தவரை, பெரும்பங்கு அந்த வால்வின் விலைக்கே போகிறது. ஸ்டென்ட் அதற்கு மேல். அரசு ஓய்வூதியக்காரர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் உத்தரவாதக் கடிதம் பற்றி முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவை, சிகிச்சைத் தேதி வாங்கிய பிறகல்ல, ஆஞ்சியோகிராமுக்குச் செல்லும் கட்டத்திலேயே பார்ப்பது நல்லது. சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் வருமான விவரம், அடையாள அட்டை நகல் என்று கேட்பார்கள், திரட்டவே நாளாகும்.

நம் பாட்டிக்கு ஆஞ்சியோகிராமில் இடப்பக்கப் பெரிய நாளத்தின் தொடக்கத்தில் 90 விழுக்காடு சுருக்கம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கச் சிறு கிளையில் இருப்பதை விட்டுவிட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஸ்டென்ட் வைக்கிறார்கள். சிறுநீரகம் தேற அவகாசம் கொடுத்து, சில வாரங்கள் கழித்து டாவிக்குத் தேதி. வீட்டுக்கு வந்த மறுநாளே பாட்டிக்கு நெஞ்சு லேசாக இருக்கிறது. "எனக்கு ஒண்ணுமில்ல, வால்வெல்லாம் வேணாம்" என்கிறார். மகள் மருந்துப் பையோடு வந்த காகிதத்தை எடுத்துப் படித்துக் காட்டுகிறார்: "நாளத்து அடைப்பைத்தாம்மா எடுத்திருக்காங்க. கதவு இன்னும் அப்படியேதான் இருக்கு." பிறகு சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறார்.